வாரண்ட் இல்லாம சோதனை, போன் பறிமுதல்: முதல்ல எந்த மனு?

வக்கீல் நண்பர்கள் வழி சொல்லுங்க. தென் மாவட்டத்துல ஒரு சின்ன டவுன். போன மாசக் கடைசியில, ராத்திரி பத்து மணிக்கு மேல, வாரண்ட் காட்டாம போலீஸ்காரங்க வீட்டுக்குள்ள சோதனை போட்டாங்க. சித்தி பையன் மேல ஆன்லைன் மோசடி வழக்கு. அவன் எங்களோட இல்ல, எஃப்ஐஆர்ல என் பேரும் இல்ல. பீரோவுல அம்மா புடவை மடிப்பு வரைக்கும் உதறிப் பார்த்துட்டு, என் ரெட்மி போனை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேட்டர்ன் லாக் கேட்டாங்க, சொல்லலை.

பறிமுதல் பட்டியல் நகல் தரலை. அக்கம்பக்கத்துல யாரையும் சாட்சிக்குக் கூப்பிடலை. பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 105 கேக்குற வீடியோவும் எடுத்த மாதிரி தெரியலை.

ஸ்டேஷன்ல கேட்டா "ஐயா வரட்டும்"தான் பதில். மேலதிகாரிக்குப் பதிவுத் தபால்ல மனு போட்டு ஒப்புகை அட்டை வந்துடுச்சு, அதோட சரி. டூப்ளிகேட் சிம் வாங்கிட்டேன். ஆனா கடைக் கணக்கு மொத்தமும் அந்தப் போன்ல.

படிச்ச வரைக்கும், அதே சட்டத்துல பிரிவு 185படி வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம். ஆனா காரணத்தை எழுதி வச்சு, 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்கு நகல் அனுப்பணும். வீட்டுக்காரர் விண்ணப்பிச்சா இலவச நகல் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள் சொன்னதும் தெரியும் (ஸ்டேஷன் வாசல்ல அதைச் சொல்லத்தான் தைரியம் வேணும்).

கேள்வி இதுதான்: போனைத் திரும்பக் கேட்டு பிரிவு 503ல நேரா மனு போடலாமா, இல்ல 185 நகலை வாங்கிட்டுத்தான் போடணுமா?