ஓடு மெத்தென்று இருக்கும் ஆமை: ஆற்றில், குளத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பரிசல்துறை
மாயாற்றில் மீன்காரர் ஒருவரின் தூண்டிலில் சிக்கியது. உள்ளங்கை அளவுக் குட்டி. ஓட்டின் ஓரம் ரப்பர் மாதிரி மடங்கியது. ஆனால் மனசில் நிற்பது முதுகுதான். கண் வரைந்து வைத்தது போல நான்கைந்து வட்டங்கள், நம்மையே முறைக்கிற மாதிரி. முள்ளை எடுத்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டார். லீத் ஆமை என்று பிறகு வனத்துறை நண்பர் சொன்னார். தீபகற்ப இந்தியாவின் ஆறுகளில் மட்டுமே உள்ள இனமாம். வளர வளர அந்த வட்டங்கள் மங்கிவிடும் என்றார். மங்குவதற்குள் பார்த்தேன், அதுவே போதும்.

கீழத்தெரு
எங்கள் ஊரில் எல்லாம் பாலாமைதான். கிணறு தூர் வாரும்போது சேற்றோடு சேர்ந்து வாளியில் வந்தது. தலை, கால் எல்லாம் உள்ளே போனதும் அடியில் பின்பக்கம் இருந்த இரண்டு சதை மடல்கள் மெதுவாக வந்து மூடிக்கொண்டன. கால் போன இடமே தெரியவில்லை. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று ஆச்சி திரும்பக் கிணற்றிலேயே விடச் சொன்னார், விட்டோம்.

நீர்நாய்
நானும் ஏரிக்கரையில் ஒன்று பார்த்திருக்கிறேன், சட்டென்று ஓடிவிட்டது. அதை விடுங்கள். கீழத்தெரு, கிணற்றில் விட்டது சரியில்லை. அது நத்தை, தவளை, மீன், செடி எல்லாம் தின்கிற பிராணி. தண்ணீரை வடிகட்டுகிற இயந்திரம் இல்லை. முட்டையிட அதற்குக் கரை மண் வேண்டும். உறை இறக்கிய கிணற்றில் மண்ணுக்கு எங்கே போகும்? பக்கத்துக் குளத்தில் விட்டிருக்கலாம். இன்னொன்று, இவற்றை நடு ஓட்டில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கழுத்து நீளம், பின்னால் வளைத்துக் கடிக்கும். பின்னங்கால் பக்கமாகப் பிடிக்க வேண்டும். மூலத்துக்கு மருந்து என்று கறி கேட்டு வருபவர்களை அண்டவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது, மாட்டினால் ஜாமீன் எளிதில் கிடைக்காது. தொட்டியில் வளர்க்கலாமா என்று இனி யாராவது கேட்பீர்கள், அதற்கும் இதே பதில்தான்.

வாவிக்கரை
யாரும் கேட்கவில்லையே அண்ணை! மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். குளம் வத்தின காலம், காய்ந்த சேற்றை மண்வெட்டியால் கொத்தினால் ஒரு கட்டி மட்டும் அசைந்தது. மழை வரும்வரைக்கும் மண்ணுக்குள்ளேயே படுத்துக் கிடக்குமாம். கட்டியை எடுத்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு வந்தோம்.

தூரதேசி
பாப்புவா நியூ கினியில் வேலை பார்த்தபோது கிகோரி ஆற்றுப் பக்கம் போயிருந்தேன். அங்கே பன்றிமூக்கு ஆமை. மென்னோட்டு ஆமைகளுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் கால்கள் கடலாமைக்கு இருப்பது போலத் துடுப்பு. மூக்கு நிஜமாகவே பன்றிக்குட்டி மூக்கு. அந்த நாட்டு 5 டோயா காசிலும் அதுதான். ஒரு பையன் மணலில் தோண்டிய முட்டையைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஓடு வெடித்துக் குட்டி வெளியே நீந்தியது! உள்ளே முழுதாக வளர்ந்த பிறகும் வெள்ளம் வந்து முட்டையை மூழ்கடிக்கும்வரை பொரிக்காமல் காத்திருக்குமாம். பையன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த முட்டையை எடுத்தான், அவன் அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அங்கே முட்டை சாப்பாட்டுக்கு.

கீழத்தெரு
நீர்நாய் சார், எங்கள் கிணறு உறைக்கிணறு இல்லை. படி இறங்குகிற பழைய கிணறு, ஒரு பக்கம் மண் சரிவு, மேலே வாழைத்தோப்பு. கேட்டுவிட்டுத் திட்டியிருக்கலாம்.

நீர்நாய்
சரி, மண் சரிவு இருந்தால் பரவாயில்லை. ஆனால் தண்ணீர் சுத்தமாகும் என்பது தப்புத்தான்.