அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் எடுத்த குறிப்புகள்

ஓர் இடத்தைப் பற்றிக் கவிதை எழுதுவதற்கு முன் எப்படிக் குறிப்பெடுத்தோம் என்று எல்லோரும் பகிர்ந்துவருகிறீர்கள். என் அனுபவம் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் நடந்தது.

முதல் நாள் உச்சிவெயிலில் போனேன். வெள்ளைக் குவியல்கள், நீல வானம், 1930 உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். இரவு படித்தபோது காலண்டர் படம் போல இருந்தது. உப்பின் மேல் பட்டுத் தெறித்த வெயிலில் கண்ணைத் திறக்கவே முடியாமல் நின்றேனே, அதை எழுதவே இல்லை!

சங்கப் பாடல்களின் கடற்கரைத் திணையான நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம்; உரிப்பொருள், அதாவது பாட்டின் மைய உணர்வு, பிரிவை எண்ணி வருந்தும் இரங்கல் என்று படித்திருக்கிறோம். உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கோ பொழுது விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மறுநாள் இருட்டோடு போனேன். கண்ணுக்கு வேலை இல்லாததால் காது திறந்துகொண்டது. நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை இழுக்கும்போது முதலில் தண்ணீர் சலசலக்கிறது. கரையை நெருங்க நெருங்க அது நறநறவென்று மாறுகிறது. அந்த மாற்றத்தை மட்டும் நான்கு முறை எழுதிப் பார்த்தேன்.

பாத்தியில் இறங்கிப் பார்க்கலாமா என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "காலில் வெடிப்பு இருந்தால் வேண்டாம் தம்பி" என்றார். இருந்தது, இறங்கினேன். குதிகால் வெடிப்பில் சூட்டுக்கோல் வைத்தது போல எரிந்தது. கரையேறித் தண்ணீர் காய்ந்ததும் கணுக்காலைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. "உங்களுக்கு இது பழகிவிட்டதா, அம்மா?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்தில் கால் ஆறிவிடும். அப்போது வேலை இருக்காது" என்றார்.

நோட்டில் 'இரங்கல்' என்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். என் கவிதை ஐப்பசி மழையில்தான் தொடங்குகிறது. ஆறிய கால்களோடு ஒருத்தி வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறாள். 'உப்பு' என்ற சொல்லை நான் எங்கும் பயன்படுத்தவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் கைகூடவில்லை. பாத்திக் கரையின் கருஞ்சேற்றை மிதித்தால் ஒரு வாடை கிளம்புகிறது. அழுகல் என்றால் தவறு, மீன்வாடையும் இல்லை. கடலோரத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் அதை என்ன சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?