பொருள்: தர்பூசணி ஒட்டுக்கு வேர்க்குச்சியா, அடிநாற்றா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒட்டுக் கட்டும்போது வேரோடு கீழே நிற்கும் செடிக்கு ஆங்கிலத்தில் ரூட்ஸ்டாக் என்று பெயர். அதற்குத் தமிழில் நேற்று இந்தக் குழுவில் இரண்டு சொற்கள் வந்தன: வேர்த்தண்டு, வேர்க்குச்சி. முதலாவதை விட்டுவிடலாம். அதைக் கேட்டாலே இஞ்சியும் மஞ்சளும்தான் கண்முன் வரும். வேர்க்குச்சியைத் தள்ளுவது அவ்வளவு எளிதில்லை. திராட்சைக்கும் ரோஜாவுக்கும் பொருந்தும் சொல் அது. இருந்தும் எங்கள் தர்பூசணி ஒட்டுக் கையேட்டில் போட மனம் வரவில்லை.

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் வீவக (அடுக்குமாடி) புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டிக் காட்டினோம். இடம் குறைவு, ஒரே பாத்தியில்தான் திரும்பத் திரும்பத் தர்பூசணி போட வேண்டும். அப்படிப் போட்டால் பியூசேரியம் வாடல் நோய் வரும். அந்தப் பூசணம் செடியே இல்லாவிட்டாலும் மண்ணில் பல ஆண்டு கிடக்கும்; வேர் வழியாக ஏறித் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். தர்பூசணியைக் கொல்லும் அந்த வகை சுரை வேரையும் பரங்கி வேரையும் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஜப்பானில் 1920களிலேயே தர்பூசணியை வேறு கொடிகளின் வேரில் ஒட்டத் தொடங்கியது இதற்காகத்தான்.

அன்று வந்தவர்களில் ஒருவர், இளமையில் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் கண் ஒட்டு போட்ட பெரியவர். கையேட்டு வரைவைப் படித்துவிட்டு மேசையில் இருந்த சுரை நாற்றைப் பார்த்தார். "குச்சி எங்க தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அங்கே இருந்தது விதை முளைத்துச் சில நாளே ஆன, விரலால் அழுத்தினால் நசுங்கிவிடும் பசுந்தண்டு.

இந்த வரியை எழுதிப் பாருங்கள்: "வேர்க்குச்சியின் குருத்தைக் கிள்ளிவிட்டு, வித்திலையை மட்டும் விடவும்." வித்திலை என்பது விதை முளைக்கும்போது முதலில் விரியும் இலை; குச்சிக்கு அது ஏது? இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒட்டுப் பிடிக்கும்வரை வேருக்குச் சோறு போடுவது அந்த வித்திலைதான். குருத்தைக் கிள்ளாமல் விட்டாலோ சுரையே தழைத்து, மேலே ஒட்டியதைப் பட்டினி போட்டுவிடும்.

ஆகவே நான் முன்வைப்பது அடிநாற்று. அடிமரம், அடித்தண்டு என்ற வழக்கிலேயே அமைந்தது. கத்தரி நாற்று, மிளகாய் நாற்று என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. சயனுக்கு, அதாவது மேலே ஒட்டும் தர்பூசணித் துண்டுக்கு, ஒட்டுக்குச்சி என்றாலும் அதே சிக்கல்தான். மேல்நாற்று என்று இணையாகச் சொல்லலாமே என முதலில் தோன்றியது. ஆனால் வேரை அறுத்த பிறகு அது நாற்று இல்லை. ஒட்டுத்தளிர் என்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "பூசணி வேரில் ஒட்டவும்" என்று யாரும் எழுத வேண்டாம். தர்பூசணியிலேயே பூசணி இருக்கிறது. சிலர் வீட்டில் பூசணி என்றால் சாம்பல் பூசணி, சிலர் வீட்டில் மஞ்சள் நிறப் பரங்கி. சாம்பல் பூசணியும் அடிநாற்றாகப் பயன்படும் என்பதால் குழப்பம் விதை வாங்கும் இடம்வரை போகும். சுரை, பரங்கி, சாம்பல் பூசணி என்று பெயர் பிரித்தே எழுதுவோம்.

ஒட்டிய இரண்டும் ஒன்றாகச் சேர்வதை ஹீலிங் என்பார்கள்; அதற்குப் புதுச்சொல் வேண்டாம். "ஒட்டுப் பிடித்தல்" வாயில் இருக்கும் சொல். ஏழு முதல் பத்து நாள் ஆகும், காற்றில் 95 விழுக்காடு அளவுக்கு ஈரம் வேண்டும். நம் ஊர்க் காற்றே போதும் என்று மூடாமல் விட்டால் நண்பகலில் தளிர் துவண்டுவிடும்.

ஒரு சொல் மட்டும் எனக்குக் கிடைக்காமல் இருந்தது. நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்துவிட்டால் ஒட்டுத்தளிரே தனியாக வேர்விடும், பூசணம் அதன் வழியாக உள்ளே ஏறும். ஒட்டுக் கட்டியதே வீண். அந்த வேருக்கு என்ன பெயர் வைப்பது என்று பெரியவரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, "கள்ளவேர்" என்றார்.

கையேட்டில் அப்படியே போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.