மைலேஜ் ஒருமுறை 19, அடுத்த முறை 14: எதை நம்புவது?

சத்துவாச்சாரி வாசி:
என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் கார். தினமும் காட்பாடிக்குப் போய் வருகிறேன். ரிசர்வ் விளக்கு எரிந்ததும் 1000 ரூபாய்க்குப் போட்டு, மறுபடி எரியும் வரை ஓடிய தூரத்தைப் பார்ப்பேன். ஒருமுறை 19 வந்தது, அடுத்த முறை 14. டிஸ்ப்ளேவில் 17.4 காட்டுகிறது. மெக்கானிக் இன்ஜெக்டர் கழுவ வேண்டும் என்கிறார். செலவு செய்வதற்கு முன் உண்மையான மைலேஜ் தெரிய வேண்டும்.

குடியாத்தம் டிரைவர்:
தம்பி, ரிசர்வ் விளக்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வண்டி மேட்டில் ஏறினாலே டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், விளக்கு முன்னே பின்னே எரியும். பத்து லிட்டரில் அரை லிட்டர் தப்பினால் 5 சதவீதம் போச்சு.

டேங்க் ஃபுல் செய்து பாருங்கள். நாசில் தானாக 'டக்' என்று நிற்கும், அதோடு போதும். பங்க் பையன் "ரவுண்டா போட்டுடட்டா சார்?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி அமுக்குவான், மூடி வரை நுரை ஏறி வரும். அங்கேதான் கணக்கு கெடுகிறது. கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரிப் மீட்டரை சைபர் ஆக்கி, அடுத்த முறையும் அதே பங்க், அதே நாசில், வண்டி அதே இடத்தில். இரண்டாவது முறை போட்ட லிட்டர்தான் நீங்கள் செலவழித்தது.

ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். நான் மூன்று முறை எழுதி வைத்தேன்: 402 கிலோமீட்டருக்கு 26.6 லிட்டர், 418-க்கு 24.6, 392-க்கு 24.1. தனித்தனியாகப் பார்த்தால் 15-லிருந்து 17 வரை ஆடுகிறது. மொத்தம் 1212 கிலோமீட்டர், 75.3 லிட்டர். 16.1 வந்தது. அந்த 15 வந்த வாரம் மே மாத வெயில், கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டு நின்றதுதான் அதிகம்.

அப்புறம், பழைய பெட்ரோலில் கிடைத்த கணக்கோடு இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலை ஒப்பிடாதீர்கள். எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. வண்டி மேல் பழி போட வேண்டாம்.

வாலாஜா சவாரி:
அண்ணன் சொன்னது சரி. ஓடோமீட்டரையும் சோதிக்க வேண்டும். பெங்களூர் ரோட்டில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 20 கிலோமீட்டர் ஓட்டினேன். என் வண்டி 20.5 காட்டியது. என் வண்டி மாதிரி காட்டினால் 16.1 என்பது 15.7தான். அளவில் சந்தேகம் வந்தால் பங்கிலேயே 5 லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், அது நம் உரிமை.

சத்துவாச்சாரி வாசி:
நன்றி அண்ணா. இன்று மாலை 'டக்' சத்தத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஓடோமீட்டர் 68,417. சமையலறை காலண்டரில் எழுதியாச்சு. மூன்று டேங்க் முடிந்த பிறகுதான் மெக்கானிக்கிடம் போவேன்.