1976 புல்லட் 350: 3.25-19 டயரிலேயே இருப்பதா, அகலமாகப் போடுவதா?

கரூர்_350:
வணக்கம் நண்பர்களே. 1976 மாடல் புல்லட் 350 ஒன்றைப் பழையபடி கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். இஞ்சின் முடிந்தது, டேங்க் பெயின்ட் கடையில் இருக்கிறது, அடுத்து சக்கரம். முன்னும் பின்னும் 3.25-19, அதாவது 3.25 அங்குல அகல டயர், 19 அங்குல ரிம். வண்டி பல வருடம் ஷெட்டிலேயே நின்றதால் பின் டயரில் பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) முழுசாக இருக்கிறது, பக்கவாட்டில் மட்டும் மெல்லிய வெடிப்புகள். அதை அப்படியே வைத்துக்கொண்டு முன் டயரை மட்டும் மாற்றலாமா? இன்னொரு கேள்வி. டயர் கடையில் கேட்டால், இந்த சைஸை இப்போது யாரும் கேட்பதில்லை, பின்னால் 18 அங்குல ரிம் மாட்டி 110/90 (110 மி.மீ. அகல) டயர் போடுங்கள், பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்கிறார்கள். எனக்குப் பழைய தோற்றம்தான் வேண்டும், ஆனால் வாராவாரம் ஓட்டவும் வேண்டும்.

வைகைக்கரை:
முதலில் அந்தப் பின் டயரைக் கழற்றுங்கள் தம்பி. பட்டனைப் பார்த்து டயரை எடை போடக் கூடாது. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் சும்மா நின்றாலே இறுகிவிடும், ஈரச்சாலையில் பிடிக்காது. பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. நான்குக்குப் பதில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதிகம் விற்காத சைஸ் என்பதால் கடையில் வருடக்கணக்கில் கிடந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் கேட்டு வாங்கப் போன ஒரு கடையில் "புத்தம் புதுசு" என்று காட்டியது ஏழு வருடப் பழசு. கவரைப் பிரித்துப் பார்க்க விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

சங்கிலிச்சத்தம்:
சைஸ் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். சக்கரத்தின் மொத்த உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கணக்குப் போட்டால் 3.25-19 சுமார் 648 மி.மீ., 110/90-18 சுமார் 655. சிக்கல் அகலத்தில்தான். உங்களிடம் இருப்பது 83 மி.மீ. அகல டயர், அவர் சொல்வது 110. செயின் பக்கமும் மட்கார்டுக்குள்ளும் இடம் நெருக்கும். இதற்கு ரிம், ஸ்போக் எல்லாமே மாற வேண்டும், பழைய 1.85 அங்குல ரிம் அந்த அகலத்துக்கு ஆனதில்லை. அதற்கும் மேல், அந்தக் காலத்து புல்லட்டின் அழகே ஒல்லியான, உயரமான இரண்டு சக்கரங்கள்தான். பின்னால் தடியாக ஒன்றை மாட்டினால் நின்ற இடத்திலேயே வண்டி வேறு வண்டியாகிவிடும். பின்னால் கொஞ்சம் நிறைவாக வேண்டும் என்றால் 3.50-19 போடலாம், அதே ரிம்மில் உட்காரும், செயின் கார்டில் உரசுகிறதா என்று மட்டும் கையால் சுற்றிப் பாருங்கள். முன்னால் நீளவாக்கில் கோடு போட்ட ரிப் டயர், பின்னால் கட்டம் போட்டது, இதுதான் அந்தக் காலத்து ஜோடி. ஏவான் ஸ்பீட்மாஸ்டர், டன்லப் கே70 இரண்டும் இந்த சைஸில் உண்டு, ஆனால் விலை அதிகம். நம் எம்.ஆர்.எஃப்.பில் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள், அதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது: 1946-இல் அவர்கள் பலூன் செய்யத் தொடங்கியதும் திருவொற்றியூரில், பின்னாளில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்ததும் அங்கேதான்.

கரூர்_350:
பார்த்துவிட்டேன் அண்ணே, மூன்று இலக்கம்தான். இன்றே கழற்றிவிடுகிறேன். முன்னால் 3.25 ரிப், பின்னால் 3.50 என்று முடிவு. மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பஞ்சர்_பட்டறை:
உண்டு, இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரிம் உள்பக்கம் துரு இருந்தால் சுரண்டி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். வெளியே குரோம் பளபளத்தாலும் உள்ளே பொரிந்து கிடக்கும். சக்கரத்தின் கோட்டம் எடுத்து, ஸ்போக் நிப்பிளில் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் திருகு) நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அரம் போட்டு மட்டமாக்கி, அப்புறம் புது ரிம் டேப் சுற்றுங்கள். ட்யூபும் புதுசுதான், டயர் சைஸுக்கு ஏற்றது, பழைய ட்யூபைப் போடவே வேண்டாம். பவுடர் தடவி, கொஞ்சம் காற்று ஊதி உள்ளே வையுங்கள், டயர் மாட்டும் லிவரில் ட்யூப் கடிபடாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேராக வரட்டும், அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையைப் பாருங்கள். காற்று முன்னால் 18-20 பி.எஸ்.ஐ., பின்னால் 28-30, பின் சீட்டில் ஆள் இருந்தால் இன்னும் இரண்டு கூட்டுங்கள். காற்று ஏற்றியதும் ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள், எங்காவது உள்ளே பதுங்கியிருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றுங்கள். புது டயர் மேல்பூச்சு வழுக்கும், முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள்.