பத்மினி: சிக்னலில் நின்றால் எஞ்சின் ஆஃப், ஐடில் நிற்கவில்லை

காரைக்குடி பத்மினி:
வணக்கம். அப்பா வைத்திருந்த 1984 பிரீமியர் பத்மினி. அதே 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், சோலெக்ஸ் கார்பரேட்டர். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் ஏறி இறங்கி அலைந்து, உதறிவிட்டு நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்தால் நிற்காமல் ஓடும். கார்பரேட்டரைக் கழுவி, பிளக் நாலும் மாற்றியாயிற்று. இப்போது மெக்கானிக் ஐடிலை (கால் எடுத்தபோது எஞ்சின் ஓடும் வேகத்தை) ஏற்றி வைத்துவிட்டார், டிராக்டர் மாதிரி கத்துகிறது. புது கார்பரேட்டர் போடச் சொல்கிறார். ஒரிஜினலைக் கழற்ற எனக்கு மனசில்லை.

ஆயில் கை:
சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். அதைப் போட்டால் ஓடுகிறது என்றால் ஐடிலில் பெட்ரோல் போதவில்லை, இல்லை எங்கேயோ திருட்டுக் காற்று இழுக்கிறது. முதலில் ஐடிலை இறக்குங்கள். அதை ஏற்றி வைத்தால், கார்பரேட்டரில் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு திறந்தே நிற்கும். எஞ்சின் ஐடில் துளையை விட்டுவிட்டு அடுத்த துளைகளிலிருந்து பெட்ரோல் எடுக்கும். அப்புறம் ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எஞ்சினுக்கு உறைக்காது. இறக்கிய பிறகு, சோக்கைப் பிடித்தாவது எஞ்சினை ஓட விட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகிப் பாருங்கள். கடைசி வரை போயும் சத்தம் மாறவில்லையா? ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. மேலே கழுவினால் போகாது, ஜெட்டைக் கழற்றி ஏர் அடிக்க வேண்டும். கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

சேலம் செல்வம்:
பிளக்கில் பொறி வர மின்சாரத்தை வெட்டி விடும் பாயின்ட்டைப் பார்த்தீர்களா? முனை கருகி, கேப் குறைந்திருந்தாலும் இப்படித்தான் உதறும். இப்போது வரும் 20% எத்தனால் பெட்ரோலும் பழைய வண்டிக்கு ஆகாது.

ஆயில் கை:
பாயின்ட் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது கோளாறு என்றால் சோக்குக்கு இப்படி அடங்காது. எத்தனால் கலவையைக் கொஞ்சம் லீன் (காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு) ஆக்கும், உண்மை. ஏற்கெனவே காற்று இழுக்கிற கார்பரேட்டரில் அது கூடுதல் தலைவலி. ரப்பர் ஹோஸ் ஊறிப்போயிருந்தால் எப்படியும் மாற்றுங்கள்.

காரைக்குடி பத்மினி:
மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு இப்போது எஞ்சின் மசிகிறது. ஆனால் அலைச்சல் போகவில்லை.

ஆயில் கை:
அப்போ ஜெட் சரி, காற்றைத் தேடுங்கள். எஞ்சின் ஓடும்போது கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை கார்பரேட்டரின் அடி பேக்கிங் ஓரத்திலும், த்ராட்டில் தகடு மாட்டிய ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் துளித்துளியாக அடியுங்கள். சூடான சைலன்சர் பைப் மேல் பட்டால் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை. சத்தம் மாறுகிற இடம்தான் ஓட்டை. பத்மினியில் ஆர்பிஎம் மீட்டர் ஏது, காதுதான் மீட்டர். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு ஷாஃப்ட்டை விரலால் மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள்.

காரைக்குடி பத்மினி:
ஷாஃப்ட்டில் கேபிள் பக்கம் அடித்ததும் எஞ்சின் ஏறியது. கையால் ஆட்டினால் டக் டக் என்கிறது.

ஆயில் கை:
தேய்ந்திருக்கிறது. நல்ல லேத் பட்டறையில் ஷாஃப்ட் ஆடாமல் பிடிக்கும் பித்தளை புஷ் போட்டுக் கொடுப்பார்கள், புது கார்பரேட்டர் வேண்டாம். த்ராட்டில் தகட்டின் ஸ்க்ரூ இரண்டையும் மறுபடி பூட்டும்போது முனையை நசுக்கச் சொல்லுங்கள். கழன்றால் நேராக எஞ்சினுக்குள்தான் விழும்.