மறுமொழி: ஃபெதரிங் என்பதற்கு 'இறகாக்கம்' வேண்டாமே

அன்புடையீர்,

நின்றுபோன எஞ்சினின் உந்துவிசிறி (ப்ரொப்பெல்லர்) இதழ்களை, விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பிவிடுவதை ஃபெதரிங் என்பார்கள். விமானச் சொற்பட்டியலில் அதற்கு நீங்கள் எழுதியது:

> ஃபெதரிங்: இறகாக்கம். பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

படித்ததும் கோழிப்பண்ணைதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்திலும் இது பறவையிடமிருந்து நேராக விமானத்துக்கு வந்த சொல் அன்று. நீரிலிருந்து எடுத்த துடுப்பு காற்றில் தடுக்காதிருக்க அதன் தட்டையைப் படுக்கவைப்பார்களே, அந்தப் படகோட்டிகளின் சொல். இறகை விட்டுவிட்டு, நடப்பது என்ன என்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின் பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் 'ஹைட்ரோமேட்டிக்' உந்துவிசிறி; மூன்று இதழ்கள், விட்டம் 11 அடி 7 அங்குலம். அடிபட்ட எஞ்சின் நின்றாலும் எதிர்க்காற்று விசிறியை விடாது சுழற்றும். இழுவை கூடும், உடைந்த எஞ்சினும் கூடவே சுழன்று மேலும் நொறுங்கும். விமானி ஒரு பொத்தானை அழுத்துவார். தனி மின்பம்பு ஒன்று விசிறியின் குடத்துக்குள் (வண்டிச் சக்கரத்துக்குச் சொல்லும் அதே குடம்தான்) எண்ணெயை உயரழுத்தத்தில் தள்ளும். உள்ளே பிஸ்டன் நகர, பற்சக்கரங்கள் இதழ்களைத் திருப்பும். விளிம்பு காற்றை நோக்கியதும் சுழற்சி அடங்கிவிடும்.

கதவை ஒருக்களித்து வை, ஒருக்களித்துப் படு என்கிறோம். என் பரிந்துரை: ஒருக்களிப்பு.

———

> என் பரிந்துரை: ஒருக்களிப்பு.

ஐயா, சொல் இனிக்கிறது. ஆனால் ஒருக்களித்த கதவு பாதிதானே திறந்திருக்கும்? இங்கே இதழ் ஏறக்குறைய 90 பாகைக்குப் போகிறது. 1940 கோடையில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் 1,000-க்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய பிரிட்டிஷ் போர் விமானங்களில் அவசர அவசரமாகப் பொருத்திய அமைப்பு, இதழின் கோணத்தைத் தானே மாற்றுமே தவிர, ஃபெதரிங் செய்யாது. இரண்டும் குழம்பக் கூடாது. 'காற்றுவாக்குத் திருப்பம்' சரிவருமா?

———

காற்றுவாக்கில் வருவது வதந்தி. கதவை விடுங்கள், படுக்கையை வைத்துக்கொள்வோம். ஒருக்களித்துப் படுத்தவனைப் பாதி படுத்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

நீங்கள் சொல்லும் அந்த அமைப்புக்குப் பட்டியலில் 'நிலைவேக உந்துவிசிறி' என்று இருக்கிறது. விமானம் ஒரே வேகத்தில் பறக்கும் என்றே வாசகர் எண்ணுவார். மாறாதது எஞ்சினின் சுழற்சிதான்; வேகம் குறைந்து மேலேறும்போது இதழின் சாய்வு குறையும், வேகமாகப் பாயும்போது கூடும். 'மாறாச்சுழற்சி உந்துவிசிறி' என்று திருத்திவிடலாம். இதழ் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் 'பிட்ச்' என்பதற்குத் திருகு அளவிப் பாடத்தின் 'புரியிடைத் தூரம்' இங்கே பொருந்தாது. இதழில் புரி ஏது? 'இதழ்ச்சாய்வு' போதும்.

ஒன்று மிச்சம். அதே பொத்தானை மீண்டும் அழுத்திப் பிடித்தால் ஒருக்களித்த இதழ் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு 'ஒருக்களிப்பு நீக்கம்' என்று குறித்துவைத்திருக்கிறேன். நாவில் ஒட்டவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.